பீச்சேகத்திக்கு மூன்றாம் முறை அரக்கு

குடகுக் கத்தியான பீச்சேகத்தியின் அலகைப் பிடியோடு ஒட்ட மூன்றாவது முறை ஊற்றிய அரக்கு 23 நாளாகப் பிடிக்குள் அசையாமல் நிற்கிறது. பிடியைக் கையில் பிடித்துக்கொண்டு அலகின் முதுகில் விரல் முட்டியால் தட்டினால் முன்பெல்லாம் ‘கட கட’ என்று இரட்டைச் சத்தம் வரும். இப்போது ஒரே சத்தம். முதல் இரண்டு முறை ஏன் பிசகியது, உறையில் எந்த இடத்தில் அரம் படவே கூடாது என்பதெல்லாம் மறப்பதற்குள் எழுதிவைக்கிறேன்.

பொருள், குடகர்கள் குப்ய அங்கியின் மேல் கட்டும் சிவப்புச் சேலெ என்ற இடுப்புக் கச்சையில் முன்பக்கமாகச் செருகும் பீச்சேகத்தி. ஒருபக்கக் கூர், தடித்த முதுகு, ஈட்டி மரப்பிடி, அதன் தலையில் வெள்ளிக் குமிழ். மர உறையின் வாயிலும் முனையிலும் வெள்ளிப் பூண். வாய்ப்பூணிலிருந்து வெள்ளிச் சங்கிலி தொங்குகிறது. பெங்களூரில் அலங்காரக் கத்தி சேர்ப்பவர்கள் கைக்கு அதிகம் வந்து சேர்வது இதுதான். குடகு பக்கத்தில் இருக்கிறது என்பது ஒரு காரணம், சட்டத்துக்குள் அடங்கும் அளவு என்பது இன்னொன்று.

அளவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 2016 ஆயுத விதிகளின்படி, வீடு, விவசாயம், அறிவியல், தொழில் ஆகிய பயன்பாட்டுக்கு இல்லாத கத்தியின் அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமாகவோ இருந்தால் அது ஆயுதப் பட்டியலில் ஐந்தாம் வகைக்குள் போய்விடும். எல்லோரும் நீளத்தை மட்டும் அளந்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். பீச்சேகத்தி நீளத்தில் மாட்டாது, மாட்டினால் அகலத்தில்தான் மாட்டும். நான் வேலை செய்தது 178 மி.மீ. நீளம், அகலமான இடத்தில் 43 மி.மீ.; 2 அங்குலம் என்பது 50.8 மி.மீ. வாங்கப் போகும்போது சட்டைப்பையில் வெர்னியர் இருக்கட்டும். பிடியில் வெளிர்நிறத் துண்டு ஏதாவது இருந்தால் வெட்டுமுகத்தை லென்ஸில் பாருங்கள். குறுக்குமறுக்காக வளைகோடுகள் ஓடினால் தந்தம், பொடிப்பொடியாகக் கருப்புப் புள்ளி இருந்தால் எலும்பு. தந்தம் என்றால் விலை பேசவே வேண்டாம், 1972 வனவிலங்குச் சட்டம் குறுக்கே நிற்கிறது. நூறு வயது தாண்டிய கத்தியை வெளிநாட்டு நண்பருக்கு அனுப்பும் எண்ணத்தையும் அதே ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடுக்கும்.

இனி வேலை. கைக்கு வந்த நிலையில் மூன்று கோளாறுகள் இருந்தன. பிடி ஆடியது. உறைக்குள் அலகு முக்கால் தூரம் போய்ச் சிக்கியது. சங்கிலியில் இரண்டு கண்ணி அறுந்து நூலால் கட்டியிருந்தது. துருவும் இருந்தது, ஆனால் அது பார்வைக்குத் தெரிந்த அளவு மோசமில்லை.

முதலில் பிடியைக் கழற்றினேன். பழைய கத்திகளில் அலகின் வால் பிடிக்குள் பாதி தூரம்தான் போகும். ஆணி இருக்காது, அரக்குதான் பிடித்துக்கொண்டிருக்கும். அரக்கு 65, 70 டிகிரியிலேயே இளகும் என்பதால் ஹாட் ஏர் கன் தேவையே இல்லை. அது மரத்தைப் பிளந்துவிடும், கவனம் தப்பினால் அலகின் பதத்தையும் எடுத்துவிடும். தலைமுடி உலர்த்தும் டிரையரே போதும். அலகைத் தோல் வைத்த இரண்டு பலகைக்கு நடுவே வைஸில் பிடித்து, பிடிக்கு ஒரு விரற்கடை முன்னால் இரும்பின் மேல் மட்டும் காற்றைக் காட்ட வேண்டும். சூடு இரும்பு வழியாக வாலுக்குப் போகும், மரத்தில் நேராகப் படாது. ஆறாவது நிமிடம் பிடியை லேசாகத் திருகி இழுத்ததும் வந்துவிட்டது. கூர் பக்கம் முழுக்க மடித்த செய்தித்தாளும் டேப்பும் சுற்றியபிறகுதான் இதைச் செய்ய வேண்டும். இழுக்கும் வேகத்தில் கை எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

உள்ளே இரண்டு காலத்துப் பசை. அடியில் கருஞ்சிவப்பாகப் பழைய அரக்கு, மேலே யாரோ அவசரத்துக்குப் போட்ட எபாக்சி. எபாக்சி சூட்டில் கொஞ்சம் மெத்தென்று ஆனதும் மூங்கில் சீவலால் சுரண்டி எடுத்தேன். அரை மணி நேரம் பிடித்தது. பழைய அரக்கை எறிந்துவிடாதீர்கள், செய்முறைக் குறிப்பே அதற்குள்தான் இருக்கிறது. அதில் 3 கிராம் எடுத்து ஸ்பிரிட்டில் ஊறவிட்டேன். அரக்கு கரைந்து சிவப்புத் தண்ணீராக மேலே நின்றது, அடியில் செங்கல்பொடி படிந்தது. காயவைத்து நிறுத்தால் 1.1 கிராம். அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் கூடுதலாகச் செங்கல்பொடி. இதை முதல் நாளே செய்திருந்தால் மூன்று முறை ஊற்றும் வேலை வந்திருக்காது. மூன்றாவது முறைக்கு முன்னால்தான் தோன்றியது.

அலகில் முதல் தவறு வினிகர். சமையல் வினிகரை நனைத்த பஞ்சை நுனிப்பக்கம் 20 நிமிடம் வைத்தேன். துரு போனது, கூடவே பளபளப்பும் போய்ச் சாம்பல் பூத்தாற்போல ஒரு திட்டு விழுந்தது. அமிலத்துக்குத் துரு எது, இரும்பு எது என்று தெரியாது. அந்தத் திட்டைச் சமன் செய்ய 1500, 2000 எண் தண்ணீர் உப்புத்தாளோடு இரண்டு மாலை போயின. மற்ற இடத்துக்கெல்லாம் தையல் மிஷின் எண்ணெயும் மண்ணெண்ணெயும் பாதிப் பாதி கலந்து தடவி, துணி சுற்றி இரண்டு நாள் விட்டு, செம்புத் துண்டின் விளிம்பால் சுரண்டினேன். செம்பு இரும்பைவிட மெத்தென்றது, அதைக் கீறாது. சிவப்புத் துரு எல்லாம் வந்துவிடும். அதன் கீழே தெரியும் கருப்புப் படலத்தை அப்படியே விட்டுவிட வேண்டும். அதையும் தேய்த்து வெள்ளையாக்கினால் கத்தி நேற்று கடையில் வாங்கினது போலாகிவிடும். சேகரிப்பவர் யாரும் அதற்குப் பணம் கொடுக்க மாட்டார்.

ஒரு குழி மட்டும் போகவில்லை. பிடிக்குப் பக்கத்தில், இரு புறமும் ஒரே உயரத்தில், எட்டணா அகலத்தில் வட்டமாக அரித்திருக்கிறது. வடிவத்தைப் பார்த்தால் பொட்டு. குடகில் கைல்போது அன்று ஆயுதங்களைக் கழுவி, தோக் பூ என்று அவர்கள் சொல்லும் நம்ம செங்காந்தளைச் செருகிக் கும்பிடுவார்கள். இந்த ஊரில் ஆயுத பூஜைக்கு நாம் பஸ் முதல் ஸ்பேனர் வரை சந்தனம் வைக்கிறோமே, அதே கதைதான். ஈரச் சந்தனமும் குங்குமமும் இரும்பின் மேல் வாரக்கணக்கில் இருந்தால் அடியில் ஈரம் தங்கி அந்த வட்டம் அப்படியே குழியாகிவிடும். வைப்பவர்கள் வைக்கட்டும், மறுநாள் துடைத்து எண்ணெய் தடவினால் போதும். இந்தக் குழியைத் தேய்த்து மட்டமாக்கவில்லை. அரை மி.மீ. இரும்பைத் தியாகம் செய்ய வேண்டியிருக்கும், தவிர அந்தப் பொட்டும் கத்தியோடு சேர்ந்ததுதான்.

உருக்கு வரி, அதாவது பழைய உருக்கில் நீரலைபோல ஓடும் கோலம், ஏதாவது இருக்கிறதா என்ற ஆசையில், எஸ்.பி. ரோட்டில் சர்க்யூட் போர்டு அரிக்க விற்கும் ஃபெரிக் குளோரைடை வாங்கி, ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் சேர்த்து, வாலுக்குப் பக்கத்தில் புளியங்கொட்டை அளவு இடத்தில் மட்டும் தொட்டுப் பார்த்தேன். 40 விநாடி. பிறகு சோடா உப்புத் தண்ணீரில் துடைத்து எண்ணெய். வரி இல்லை. ஆனால் கூர் பக்கம் கருத்து, முதுகுப் பக்கம் வெளிறி, நடுவே ஒரு கோடு தெரிந்தது. முதுகுக்கு மெத்தென்ற இரும்பும் கூருக்கு உருக்கும் வைத்து அடித்துச் சேர்த்த அலகு. அலகு முழுவதையும் அமிலத்தில் முக்கிப் பார்க்கும் வேலை வேண்டாம், ஒரு புளியங்கொட்டை அளவே எல்லாம் சொல்லிவிடும்.

உறை விஷயத்தில்தான் பெரிய சறுக்கல். அலகு சிக்கியதும் வாய் இறுக்கமாக இருக்கிறது என்று நினைத்து, வாயின் உட்புறத்தை மெல்லிய அரத்தால் இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டேன். அப்போதும் சிக்கியது. சிக்கிய இடம் வாய் அல்ல. அதைக் கண்டுபிடிக்கும் வழி சுலபம், முதலிலேயே செய்திருக்க வேண்டியது. நல்லெண்ணெய் விளக்கின் சுடர் மேல் அலகைத் தூக்கிப் பிடித்து (சுடரின் நுனி அலகில் படாமல், சற்று விலக்கி) மெல்லிய கரி படியவிட்டு, உறையில் ஒரே ஒருமுறை செருகி எடுத்தால், உரசும் இடத்தில் மட்டும் கரி போயிருக்கும். எனக்கு 110 மி.மீ. ஆழத்தில், கூர் பக்கம், பயறு அளவு இடத்தில் போயிருந்தது. அங்கே மரத்தோடு துருத்தூள் இறுகிக் கட்டியாக ஒட்டியிருந்தது. மூங்கில் பட்டையின் நுனியில் உப்புத்தாளை வச்சிரம் (தோல், எலும்பு காய்ச்சிய பசை) போட்டு ஒட்டி உள்ளே விட்டுத் தேய்த்து, உறையைத் தலைகீழாகத் தட்டினால் மூக்குப்பொடி போலக் கொட்டியது. பத்து நிமிடத்தில் அலகு முழுதாக இறங்கியது. இறங்கியதுதான் வம்பு. அரம் போட்ட வாயில் இப்போது 0.6 மி.மீ. இடைவெளி, கவிழ்த்தால் கத்தி தானே நழுவி விழும்.

அதற்கு ஒட்டுப்போட 0.3 மி.மீ. தேக்குச் சீவலை, இழைப்புளியில் வந்த சுருளிலிருந்தே வெட்டி, வாயின் இரு பக்கமும் வச்சிரத்தால் ஒட்டினேன். வச்சிரம் என்பதால் நாளைக்கு வெந்நீர்ப் பஞ்சு வைத்தால் கழன்றுவிடும். ஃபெவிகால் போட்டிருந்தால் அது அங்கேயே குடியிருக்கும். இரண்டு சீவலும் சேர்ந்து 0.6 ஆகுமே, அலகு போகாதே என்று தோன்றும். ஒட்டிக் காய்ந்தபின் 2000 எண் தாளால் தொட்டுத் தொட்டு 0.2 இடைவெளி வரும்வரை எடுத்தேன். ஒருமுறை தொட்டால் ஒருமுறை செருகிப் பார்ப்பது, அந்த வேகத்தில்தான்.

வாய்ப்பூண் ஆடியதற்கு மரம் சுருங்கியதே காரணம். குடகு மழையில் வளர்ந்த உறை பெங்களூர் மார்ச் மாத வறட்சிக்கு வந்தால் சுருங்கத்தான் செய்யும். பூணை நசுக்கி இறுக்கக் கூடாது, மழைக்காலத்தில் மரம் உப்பினால் வெள்ளித்தகடு கிழியும். பூணுக்கும் மரத்துக்கும் நடுவே துவைத்த மல் துணி ஒரு சுற்று வைத்து, பழைய ஓட்டைகளிலேயே 0.8 மி.மீ. வெள்ளி ஆணி இரண்டு இறக்கினேன். முனைப்பூணில் ஓர் ஆணி ஓட்டை இன்னும் காலி.

சங்கிலிக்கு அவென்யூ ரோட்டுக்குப் பின்னால் உள்ள சந்துகளில் ஒரு தமிழ் ஆசாரியிடம் போனேன். உறையோடு கொண்டுபோனதைப் பார்த்ததுமே, “மரத்தோட நெருப்பு காட்ட மாட்டேன் சார், கழட்டிட்டு வாங்க” என்றார். சரியான ஆள். சங்கிலி சேரும் வளையம் பற்றவைக்காத திறந்த வளையம்தான். அதை விரித்துத் திறந்தால் வட்டம் கெட்டுவிடும். இரண்டு மூக்குக் குறடால் ஒன்றை முன்னும் ஒன்றைப் பின்னுமாகப் பக்கவாட்டில் முறுக்க வேண்டும், மூடுவதும் அப்படியே. பக்கத்துக் கடையில் டச் (வெள்ளியின் சுத்தம்) பார்த்தால் பழைய கண்ணிகளுக்கு 86 சதவீதம் வந்தது. புதுக் கண்ணிக்கு 92.5 வெள்ளிக் கம்பி, 4.2 கிராம். வெங்காரமும் பற்றவைக்கும் பொடியும் வைத்து ஊதி முடித்தார். மெருகு போடாதீர்கள் என்று சொன்னேன். படிகாரத்தில் கொதிக்கவைக்காதீர்கள் என்று சொல்ல மறந்துவிட்டேன். ஊதியபின் படிகாரத் தண்ணீரில் போடுவது எந்தப் பட்டறையிலும் வழக்கமான கடைசி வேலை, அவர் மேல் குற்றமில்லை. நூறு வருஷக் கருப்பு போய்ச் சங்கிலி முழுதும் பால் நிறத்தில் திரும்பிவந்தது.

அதைச் சரிசெய்தது அவித்த முட்டை. இரண்டு முட்டையைக் கெட்டியாக அவித்து, சூடாக இருக்கும்போதே மஞ்சள்கருவை மசித்து மூடியுள்ள டப்பாவின் அடியில் போட்டு, சங்கிலியை மேலே ஒரு குச்சியில் தொங்கவிட்டு மூடினேன். முட்டை வெள்ளியில் ஒட்டக் கூடாது. அதிலிருந்து வரும் கந்தக ஆவிதான் வேலை செய்கிறது. 25 நிமிடத்தில் தேன் நிறம், ஒரு மணி நேரத்தில் சாம்பல் கலந்த கருப்பு. எடுத்துச் சுண்ணப்பொடி தொட்ட துணியால் மேடான இடங்களை மட்டும் தேய்த்தால் பள்ளங்களில் கருப்பு தங்கிவிடும். புதுக் கண்ணியையும் பழசையும் இப்போது லென்ஸ் இல்லாமல் பிரித்துச் சொல்ல முடியாது. நாற்றம் இரண்டு நாள் இருந்தது, டப்பாவை அடுப்படிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டாம்.

பூண்களுக்கும் அதே சுண்ணப்பொடிதான், ஸ்பிரிட்டில் குழைத்துப் பஞ்சு சுற்றிய குச்சியால். விபூதி போட்டுத் தேய்க்கும் நம் வழக்கம் கெட்டதில்லை, ஆனால் கடை விபூதியில் மணல் கலந்திருந்தால் கீறல் நிச்சயம். பற்பசை அதைவிட மோசம். அலுமினியத் தாளும் சோடாவும் போட்ட வெந்நீரில் முக்கும் வித்தை தட்டு, டம்ளருக்குச் சரி. மரத்தோடு சேர்ந்த வெள்ளிக்கு ஆகாது, சித்திர வேலையின் பள்ளத்துக் கருப்பையும் அது துடைத்துவிடும்.

கடைசியாக அரக்கு. முதல் முறை வெறும் அரக்குத் தகடுகளை உருக்கி ஊற்றி, குளிர்ந்த வாலைச் செருகினேன். மூன்றாம் நாள் ஆடியது. வால் குளிர்ச்சியாக இருந்ததால் அரக்கு அதைத் தொட்டதும் உறைந்து, ஒட்டாமல் சட்டை போட்டதுபோல் நின்றிருக்கிறது. வெறும் அரக்கு ஆறும்போது சுருங்கவும் செய்யும். இரண்டாவது முறை செங்கல்பொடி சேர்த்தேன், ஆனால் கேஸ் அடுப்பில் நேராக வைத்துவிட்டேன். அரக்கு அதிகச் சூட்டில் அதிக நேரம் இருந்தால் உருகும் குணத்தையே இழந்துவிடும். ரப்பர் போல இழுபட்டது, மறுபடி எவ்வளவு சூடாக்கினாலும் இளகவில்லை. முழுவதும் குப்பைக்கு.

மூன்றாவது கலவை: அரக்கு 20 கிராம், குங்கிலியம் 4 கிராம், செங்கல்பொடி 14 கிராம், விளக்கெண்ணெய் மூன்று சொட்டு. பொடி நன்றாகச் சுட்ட பழைய செங்கல்லிலிருந்து இடித்தது. சித்த மருந்துக்காரர்கள் செய்வதுபோல் வஸ்திரகாயம் செய்து, அதாவது துணியில் சலித்து, தோசைக்கல்லில் வறுத்து ஈரத்தைப் போக்கினேன். ஈரம் இருந்தால் கலவைக்குள் குமிழி விழும், குமிழி விழுந்த இடத்தில் பிடிப்பு இருக்காது. இரும்புச் சட்டியில் மணல், மணலுக்குள் சிறு எவர்சில்வர் கிண்ணம், கிண்ணத்துக்குள் மல்டிமீட்டரின் வெப்பக் கம்பி. மணல் சூடு மெதுவாக ஏறுவதால் 115 முதல் 120 டிகிரிக்குள் நிறுத்துவது கஷ்டமில்லை. குங்கிலியமும் அரக்கும் சேர்ந்து உருகியதும் பொடியைத் தூவிக் கிளறினேன். அடுப்பில் இருந்த நேரம் மொத்தம் ஒன்பது நிமிடம்.

வாலை மெருகேற்றவில்லை. துருக்குழிகள்தான் அரக்குக்குப் பிடி கொடுக்கும். ஸ்பிரிட்டால் எண்ணெய்ப் பசை மட்டும் போக்கி, அலகில் ஈரத்துணி சுற்றி, வாலை டிரையரில் 90 டிகிரிக்குக் கொண்டுவந்தேன். பிடியின் குழி 62 மி.மீ. ஆழம், வால் 55. குழியில் மூன்றில் இரண்டு பங்கு ஊற்றிவிட்டுச் செருகியதும் மிச்சம் பிதுங்கி வெளியே வரும், வர வேண்டும். நேர்பார்க்கக் கிடைப்பது 40 விநாடிதான். குமிழின் நடுவிலிருந்து அலகின் நுனிக்கு ஒரு நூலை முன்கூட்டியே பலகையில் இழுத்துக் கட்டி வைத்திருந்தேன், முதுகை அதற்கு ஒட்டிப் பார்த்துத் திருத்தினேன். முதல் முறை கண்மதிப்பில் வைத்தபோது இரண்டு டிகிரி சாய்ந்திருந்தது. கலவையில் 11 கிராம்தான் செலவு. மிச்சத்தை நனைத்த கையால் குச்சியாக உருட்டிவைத்தேன், அடுத்த கத்திக்கு ஆகும்.

பிதுங்கியதை ஆறவிட்டு மூங்கிலால் தெறிக்கவைக்க வேண்டும். நான் மிச்சக் கறையை ஸ்பிரிட்டில் துடைத்தேன், பிடியின் மேல் இருந்த பழைய பாலிஷும் அரக்குதானே, அதுவும் சேர்ந்து ஒரு விரல் அகலத்துக்கு வந்துவிட்டது. அரக்குத் தகடு கரைத்த ஸ்பிரிட்டை நான்கு பூச்சு கொடுத்து மூடினேன், சாய்வெளிச்சத்தில் பார்த்தால் தெரியும்.

செலவு: அரக்கு 100 கிராம் ரூ.150, குங்கிலியம் 40, ஃபெரிக் குளோரைடு 60, வெப்பக் கம்பியோடு மல்டிமீட்டர் 850, எண்ணெய் 50, உப்புத்தாள்கள் 120, ஸ்பிரிட் 90, சுண்ணப்பொடி 30, சங்கிலிக் கூலி 900. வெள்ளி அன்றைய விலைக்குத் தனி. அலகுக்குப் பூசிய இறக்குமதி மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு டப்பா மட்டும் 1,950. மொத்தம் ரூ.4,240. தேன்மெழுகில் லேசான அமிலம் உண்டு என்பதால்தான் அந்த மெழுகு. எண்ணெயே பூசலாமே என்றால், அது மெதுவாகப் பிடிக்குள் ஊர்ந்து அரக்கின் ஓரத்தையும் மரத்தையும் ஊறவைக்கும்.

அலகை உறைக்குள் வைத்துப் பூட்டுவதில்லை. மரமும் ஈரமும் சேர்ந்து மறுபடி துருவைக் கூப்பிடும். துவைத்த மல் துணியில் அலகு தனியாக, உறை தனியாக, ஒரே பெட்டியில் இருக்கின்றன. ரப்பர் பேண்டும் கம்பளித் துணியும் பெட்டிக்குள் கிடையாது, அவற்றின் கந்தகம் வெள்ளியைக் கருக்கும்.

அடுத்த கத்திக்கு மாற்ற நினைப்பது: கழற்றியதுமே பழைய அரக்கை நிறுத்துப் பார்ப்பது, உறையில் அரம் தொடும் முன் விளக்குக் கரி, பட்டறைக்குச் சங்கிலி முழுதும் கொடுக்காமல் அறுந்த இடத்து நாலு கண்ணியை மட்டும் பிரித்துக் கொடுப்பது. முனைப்பூணின் காலி ஓட்டைக்கு ஆணி வெட்டித் தயாராக இருக்கிறது. இப்போது வாயில் 0.2 மி.மீ. இடைவெளி. ஜூலை ஈரத்தில் மரம் எவ்வளவு உப்புகிறது என்று அளந்துவிட்டுத்தான் அந்த ஆணியை இறக்க வேண்டும்.